மெனுடோ: வாடை, ரப்பர், விரியாத சோளம்... எதை எப்படிச் சரிசெய்வது

மெக்சிகோவில் சனிக்கிழமை இரவு அடுப்பில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பமே உட்கார்ந்து குடிக்கிற சாறு மெனுடோ. கல்யாணத்துக்கு மறுநாள், புத்தாண்டுக் காலை, முந்தின இரவு குடித்தது இன்னும் தலையில் நிற்கும் காலை என்று எல்லாவற்றுக்கும் இதுதான். மாட்டின் இரைப்பை, மாட்டுக்கால், சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கிய வெள்ளை மக்காச்சோளம், பூண்டு, வெங்காயம், காய்ந்த மிளகாய் விழுது. பொருள்கள் இவ்வளவுதான். இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். நிறையவே இருக்கிறது.

பெரும்பாலான கோளாறுகள் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கால், இரைப்பை, சோளம் மூன்றும் வேக மூன்று வெவ்வேறு நேரம் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பானையில் போட்டால் ஒன்று கரையும், ஒன்று ரப்பராக நிற்கும், ஒன்று கல்லாகக் கிடக்கும். அதனால் முதலில் அளவையும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எல்லாக் கோளாறுகளையும் இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

எட்டுப் பத்துப் பேருக்கு: இரைப்பை ஒன்றரை கிலோ (கறிக்கடையில் மாட்டுப் போட்டி, கொழும்புப் பக்கம் பாபத்), துண்டு போட்ட மாட்டுக்கால் ஒன்று, சுண்ணாம்பு நீரில் பக்குவப்படுத்திக் காயவைத்த சோளம் 400 கிராம், ஒரு முழுப் பூண்டு, ஒரு பெரிய வெள்ளை வெங்காயம், குவாஹீயோ மிளகாய் 8, ஆஞ்சோ மிளகாய் 3 (இரண்டும் மெக்சிகோவின் காய்ந்த மிளகாய் வகைகள்), தண்ணீர் 5 லிட்டர். சோளத்தை முந்தின இரவே ஊறவைத்து, தனிப் பாத்திரத்தில் வேகவிட வேண்டும். கால் முதலில் பானைக்குள் போகும். ஒரு மணி நேரம் கழித்து, ஒரு கொதி காட்டி நீர் வடித்த போட்டி. அதற்குப் பின் மூன்று மணி நேரம் சிறுதீயில். கடைசி முக்கால் மணி நேரத்தில் வெந்த சோளமும் மிளகாய் விழுதும். உப்பு கடைசி ஒரு மணி நேரத்துக்குள்தான். சாறு வற்றும் என்பதால் ஆரம்பத்தில் போட்ட உப்பு முடிவில் கரிக்கும்.

இன்னொன்று. இணையத்தில் செய்முறை தேடும்போது உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி, ஈரல், தக்காளி என்று வந்தால் நீங்கள் பார்ப்பது பிலிப்பைன்ஸின் மெனுடோ. அது நன்றாகவே இருக்கும், ஆனால் வேறு உணவு. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வீடு முழுக்க வாடை

எந்த வாடை என்பதைப் பொறுத்துத்தான் மருந்து.

தொழுவ வாடை என்றால் போட்டி சரியாகச் சுத்தமாகவில்லை. மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறை. மெனுடோவுக்கு அதிகம் போவது முதல் இரண்டு: துண்டுத்துணி போலச் சொரசொரவென்று பெரிதாக இருப்பது ஒன்று, தேன்கூட்டு அறைகள் கொண்டது இன்னொன்று. மூன்றாவது, ஏடு ஏடாக இருப்பது. அதை மெக்சிகோவில் 'லிப்ரோ', அதாவது புத்தகம் என்பார்கள். அழுக்கு அதிகம் ஒளிந்துகொள்வது தேன்கூட்டின் குழிகளிலும் இந்த ஏடுகளுக்கு இடையிலும்தான். ஏடுகளைக் குழாய்க்கு அடியில் பிடித்து ஒவ்வொன்றாகப் புரட்டிக் கழுவ வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி இல்லை.

கழுவிய பின் கைப்பிடி கல்லுப்பு போட்டுத் துணி துவைப்பது போல அழுத்தித் தேய்த்து அலசுங்கள். பிறகு எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிப் பிசைந்து, பத்து நிமிடம் வைத்து மறுபடி அலசுங்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பைக் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள். வாடையில் பாதி அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது. நம் ஊர்க் கடையில் மேல் தோல் கருப்பாக, வெளுக்காமலேயே கிடைக்கும் போட்டி என்றால், கை பொறுக்காத சூட்டு நீரில் ஒரு நிமிடம் முக்கிக் கத்தியின் முதுகால் சுரண்டினால் கருப்பு உரிந்துவரும். குடல் கழுவிப் பழகிய வீடுகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மஞ்சள்தூள் போட்டுத் தேய்ப்பதும் தவறில்லை, முதல் தண்ணீரோடு அது போய்விடும்.

அந்த முதல் தண்ணீர் மிக முக்கியம். போட்டியைக் குளிர்ந்த நீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் வெந்ததும் தண்ணீரை அப்படியே கொட்டிவிட வேண்டும். போட்டியையும் பானையையும் கழுவிவிட்டுப் புது நீரில் தொடங்குங்கள். சத்து போய்விடுமே என்று இந்த நீரை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வைத்துக்கொண்டால் வாடையும் கூடவே இருக்கும். காலுக்கும் இதே கொதி நல்லது, எலும்புத் தூளும் நுரையும் போய்விடும்.

நீச்சல்குள வாடை அடித்தால் அது வெளுப்பு மருந்து. அமெரிக்கக் கடைகளில் பளிச்சென்று வெள்ளையாகக் கிடைக்கும் போட்டி, வெந்நீரில் சுத்தம் செய்து வெளுக்கப்பட்டது. குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை நீரை மாற்றினால் போய்விடும். இந்த வாடை இருக்கும்போது நேராக வினிகர் ஊற்றக் கூடாது. குளோரின் சேர்ந்த வெளுப்பு மருந்தோடு புளிப்பு சேர்ந்தால் நல்லதல்ல. முதலில் வெறும் தண்ணீர், வாடை போன பிறகு புளிப்பு.

புளித்த வாடையோ அழுகல் வாடையோ வந்து, தொட்டால் வழவழவென்று கையில் ஒட்டினால் எந்த வைத்தியமும் வேண்டாம். கெட்டுப்போனதுதான், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஏற்கனவே எல்லாவற்றையும் பானையில் போட்டாயிற்று, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வாடை தெரிகிறது என்றால்? இன்னும் நேரம் இருக்கிறது. சோளமும் மிளகாயும் சேர்க்காத நிலையில் சாறை வடித்துவிட்டு, போட்டியையும் காலையும் வெந்நீரில் அலசி, புது நீர், புதுப் பூண்டு, புது வெங்காயத்தோடு மறுபடி ஏற்றுங்கள். காலில் இன்னும் பசை நிறைய மிச்சம் இருக்கும் என்பதால் சாறு கெட்டியாவதில் பெரிய நட்டமில்லை. மிளகாய் சேர்த்த பிறகு கண்டுபிடித்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. கூடுதல் ஒரேகானோ (மேலே தூவும் காய்ந்த வாசனை இலை) கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். வாடையை மசாலாவால் அடக்கப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு கழுவினாலும் போட்டிக்கு என்று ஒரு மணம் மிஞ்சும். அது கோளாறு இல்லை. அந்த மணமே பிடிக்காதவருக்குப் போசோலே இருக்கிறது. அதே சோளம், அதே மிளகாய், பன்றிக்கறியோ கோழியோ போட்டது.

மூன்று மணி நேரம் ஆச்சு, இன்னும் ரப்பர்

பெரும்பாலும் தேவை பொறுமை மட்டும்தான். போட்டியில் இருக்கும் இணைப்புத் திசு மெல்லக் கரைந்து பசையாக மாற வேண்டும். அந்த மாற்றம் நடக்கும் வரை, எத்தனை மணி நேரம் ஆகியிருந்தாலும் ரப்பர்தான். நடக்கத் தொடங்கிவிட்டால் அரை மணி நேரத்தில் ஆளே மாறிவிடும். வயதான மாட்டின் போட்டிக்கு நான்கு, நாலரை மணி நேரம்கூட ஆகலாம். நகத்தால் கிள்ளினால் லேசாக எதிர்த்து, பிறகு அறுபட வேண்டும். அதுதான் பதம்.

தீ எப்படி என்றும் பாருங்கள். ஓரத்தில் மட்டும் குமிழ் வந்துகொண்டிருக்கும் சிறுதீ போதும். குமிழே இல்லாமல் சும்மா சூடாக மட்டும் கிடந்தால் ஐந்து மணி நேரமானாலும் வேகாது. தளதளவென்று கொதிக்கவிட்டாலும் பெரிதாக வேகம் கூடாது, தண்ணீர்தான் வற்றும், கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கும்.

உயரமும் ஒரு காரணம். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அந்த ஊர்க்காரர் எழுதிய செய்முறையில் ஐந்து மணி நேரம் என்று இருந்தால் சென்னையில் அவ்வளவு தேவைப்படாது. கடலோர ஊர்க்காரர் எழுதிய நேரத்தை நம்பிக் கொடைக்கானலில் சமைத்தால் பந்தி காத்திருக்க வேண்டியதுதான்.

குக்கரில் வைக்கலாமா? தாராளமாக. ஆனால் விசில் கணக்கு வேண்டாம், அது குக்கருக்குக் குக்கர் மாறும். ஆவி நன்றாகப் பிடித்த பின் தீயைக் குறைத்து, போட்டிக்கு 45 நிமிடம், காலுக்கு ஒரு மணி நேரம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஆவியைத் தானாக அடங்க விடுங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சோளத்தைக் குக்கரில் வைத்தால் பாதிதான், நுரைத்து வால்வை அடைத்துக்கொள்ளும். என் விருப்பத்தைக் கேட்டால், காலைக் குக்கரிலும் போட்டியைத் திறந்த பானையிலும் வைப்பேன். போட்டியின் பதத்தை நடுநடுவே கிள்ளிப் பார்க்க முடியும், குக்கரில் அது முடியாது.

சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வேகும் என்பார்கள். வேகும்தான். மேற்புறம் கொழகொழத்து, நடுவில் விறைப்பாக, வாயில் சோப்பு ருசியோடு வரும். வேண்டாம்.

கரைந்து போய்விட்டது, அல்லது எங்கே போனதென்றே தெரியவில்லை

இரண்டும் வேறு. போட்டி வெந்தால் கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கும். ஒன்றரை கிலோ போட்டுவிட்டுக் கிண்ணத்தில் தேடுவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பச்சையாக வெட்டும்போது இரண்டு அங்குலச் சதுரமாக வெட்டுங்கள்; அப்போது பெரிதாகத் தெரியும், வெந்த பின் கரண்டிக்கு அளவாக இருக்கும்.

உண்மையிலேயே கரைந்திருந்தால் நேரம் அதிகமாகிவிட்டது. முதலில் கரைவது ஏட்டுப் பகுதி, கடைசியில் தேன்கூடு. இரண்டு வகையும் போடுவதானால் ஏட்டை முக்கால் மணி நேரம் தாமதமாகச் சேருங்கள். கரைந்ததை மீட்க முடியாது, ஆனால் சாறு அருமையாக இருக்கும். கொஞ்சம் தேன்கூட்டுப் பகுதியைத் தனியாக வேகவைத்துச் சேர்த்தால் சமாளித்துவிடலாம்.

சோளம் விரியவில்லை

மெனுடோவில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. வாடையாவது கழுவினால் போகும்.

சோளம் வெந்து மேல்பக்கம் பூவாக விரிய வேண்டும். மெக்சிகோவில் சோளம் 'பூத்தது' என்றே சொல்வார்கள். அதற்கு முதல் நிபந்தனை, சரியான சோளம். வழக்கமாகப் போடுவது ககவாசிந்த்லே என்னும் பெரிய, வெள்ளை, மாவுச்சத்து மிகுந்த மக்காச்சோளம். அமெரிக்காவில் ஹாமினி என்ற பெயரில் டப்பாவிலும், காய்ந்ததாகவும் கிடைப்பது இந்த மாதிரிச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் பக்குவப்படுத்தியது. பாப்கார்ன் சோளமோ, மாட்டுத் தீவன மஞ்சள் சோளமோ, இனிப்புச் சோளமோ நாள் முழுக்க வெந்தாலும் பூக்காது. பாப்கார்ன் வகை கல்லாகவே கிடக்கும். இனிப்புச் சோளம் சாற்றை இனிப்பாக்கிவிடும்.

இரண்டாவது, பொட்டலத்தில் இருப்பது பக்குவப்படுத்தியதா, வெறும் காய்ந்த சோளமா என்று பாருங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஊறிய பிறகு நகத்தால் சுரண்டுங்கள். கண்ணாடி போல ஒரு தோல் உரிந்துவந்தால் அது வெறும் சோளம். அந்தத் தோல் இருக்கும்வரை விரியாது. அப்போது நீங்களே பக்குவப்படுத்த வேண்டும்: ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் சுண்ணாம்பு, சோளம் மூழ்கி மேலே நான்கு விரல் நிற்கும் அளவு தண்ணீர். கொதிக்கவிட்டு, தோல் வழுக்கி உரியும்வரை இருபது முப்பது நிமிடம் சிறுதீயில் வைத்து, மூடி இரவெல்லாம் விடுங்கள். காலையில் கைகளுக்கு நடுவே தேய்த்துத் தோலை நீக்கி, தண்ணீர் தெளியும்வரை பல தடவை அலசுங்கள். இந்தச் சுண்ணாம்பு வெற்றிலைக்குப் போடும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். வாசனை, நிறம் எதுவும் சேர்க்காத, சாப்பாட்டுக்குத் தகுந்த சுண்ணாம்பாக இருக்க வேண்டும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு ஆகாது. அலுமினியப் பாத்திரமும் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும்.

பக்குவப்படுத்திய சோளமாக இருந்தும் விரியவில்லையா? மணியின் அடியில், கதிரோடு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சிறு பழுப்பு நிற முனை இருக்கும். ஊறிய பின் அதை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டால் மணி நன்றாக விரியும். நானூறு கிராம் சோளத்தையும் மணி மணியாகக் கிள்ளுவது ஒரு ஆள் வேலை இல்லை. வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துக் கிள்ளச் சொல்லுங்கள், அல்லது விரியாமலே சாப்பிடுங்கள். ருசி ஒன்றும் கெடாது.

விரியாதது மட்டுமில்லை, வேகவே இல்லை என்றால் பானையில் புளிப்பு இருக்கிறதா என்று யோசியுங்கள். எலுமிச்சையோ வினிகரோ தக்காளியோ இருந்தால் சோளம் மென்மையாவது தடைப்படும். சோளத்தைத் தனியாக வெறும் நீரில் வேகவைக்கச் சொல்வது இதற்காகவும்தான். ஊறிய பின் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். பழைய சரக்காக இருந்தால் நான்கு.

கடித்தால் சோப்பு மாதிரி இருந்தால் சுண்ணாம்பு போதுமான அளவு அலசப்படவில்லை. வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது வெந்நீரில் ஒரு கொதி கொடுத்து வடித்துச் சேருங்கள்.

டப்பாச் சோளத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நீரை வடித்து, நன்றாக அலசி, கடைசி அரை மணி நேரத்தில் போட்டால் போதும். அலசாமல் போட்டால் டப்பா வாடை சாறு முழுக்கப் பரவும். ஆரம்பத்திலேயே போட்டால் கூழாகும்.

சாறு தண்ணீர் மாதிரி இருக்கிறது

கால் போடவில்லை, அல்லது கால் போதவில்லை. உதடுகள் லேசாக ஒட்டிக்கொள்கிற அந்தப் பிசுபிசுப்பு காலிலிருந்துதான் வரும். பாயா வைப்பவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. மாட்டுக்கால் கிடைக்காவிட்டால் பன்றிக்கால் இரண்டு போடலாம், மெக்சிகோவிலும் போடுவது உண்டு.

கால் போட்டும் தண்ணீராக இருந்தால் அது இன்னும் வேகவில்லை. எலும்பிலிருந்து தோலும் நரம்பும் தானாகக் கழன்றுவர வேண்டும். நேரம் இல்லை, விருந்தாளி வந்துவிட்டார் என்றால், ஒரு கரண்டி வெந்த சோளத்தைச் சாற்றோடு அரைத்து ஊற்றுங்கள். சோள மாவு கரைத்து ஊற்றாதீர்கள், கடைச் சூப் மாதிரி ஆகிவிடும்.

மேலே விரற்கடைக் கொழுப்பு

சூடாக இருக்கும்போதே கரண்டியால் அள்ளுங்கள். நேரமிருந்தால் இரவு குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் கட்டியாக எடுத்துவிடலாம். முழுவதும் எடுக்க வேண்டாம். மிளகாயின் சிவப்பு கொழுப்பில்தான் கரையும், மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெய் வளையங்கள் இருக்க வேண்டியவைதான். சாப்பிடும்போது உதட்டில் மெழுகு படிந்தால் சாறு ஆறிவிட்டது என்று அர்த்தம். மாட்டுக் கொழுப்பு சீக்கிரம் உறையும். கிண்ணத்தை வெந்நீரில் கழுவிச் சூடாக்கி, கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள்.

கசக்கிறது

முதல் சந்தேகம் மிளகாய் மேல். குவாஹீயோவும் ஆஞ்சோவும் சீக்கிரம் கருகிவிடும். சூடான தோசைக்கல்லில் பக்கத்துக்குச் சில நொடிகள் போதும், வாசனை வந்து நிறம் சற்று மாறியதும் எடுத்துவிட வேண்டும். குழம்புப்பொடிக்கு வறுக்கிற மாதிரி நிதானமாக வறுத்தால் கருகிக் கசந்துவிடும். விதையையும் உள்நரம்பையும் எடுத்துவிட்டு வாட்டுங்கள். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்த பின் அந்த நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டுச் சாற்றையே ஊற்றி அரையுங்கள்.

மற்றக் காரணங்கள்: பூண்டு கருகியது, ஒரேகானோவை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டது, சீரகம் அதிகமானது. சீரகம் சிலர் போடுவார்கள், சிலர் தொடவே மாட்டார்கள். போட்டாலும் கால் தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது.

கருகிய மிளகாய் பானைக்குள் போய்விட்டால் சர்க்கரை போட்டு மறைக்க முடியாது. கசப்பு லேசாக இருந்தால், பாதிச் சாற்றை எடுத்துவிட்டு வெறும் எலும்புச் சாறோ வெந்நீரோ ஊற்றி, புதிதாகக் கொஞ்சம் விழுது அரைத்துச் சேர்க்கலாம். அதிகம் கசந்தால் போட்டியையும் சோளத்தையும் வடித்தெடுத்து அலசி, புதுச் சாற்றில் போடுவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் விழுதைத் தனியாக ருசி பார்த்துவிட்டுப் பானையில் ஊற்ற வேண்டும்.

நிறம் வரவில்லை, அல்லது பச்சை வாசனை அடிக்கிறது

சிவப்பைத் தருவது குவாஹீயோ. ஆஞ்சோ தருவது கரும்பழுப்பும் உலர்ந்த பழம் மாதிரி ஒரு இனிப்பும். ஆஞ்சோ அதிகமானால் சாறு பழுப்பாகும். காரம் வேண்டுமென்றால் ஆர்போல் மிளகாய் ஒன்றிரண்டு.

அரைத்த விழுதைச் சல்லடையில் வடிகட்டாமல் விட்டால் தோல் சிலும்புகள் பல்லிடுக்கில் மாட்டும். வடிகட்டிய பின் இரண்டு கரண்டி எண்ணெயில் அல்லது பன்றிக் கொழுப்பில் ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். இந்தப் பதம் நமக்குத் தெரிந்ததே. நிறமும் திறந்துகொள்ளும், பச்சை வாசனையும் போகும். வதக்காமல் நேரடியாகப் பானையில் ஊற்றுகிறவர்கள் மெக்சிகோவிலும் இருக்கிறார்கள். அப்படியானால் முக்கால் மணி நேரமாவது சாற்றோடு கொதிக்க வேண்டும்.

குவாஹீயோ கிடைக்காத ஊரில் காஷ்மீரி மிளகாயோ பேடகி மிளகாயோ நிறத்தைக் கொடுத்துவிடும். ருசி அதே அல்ல, ஆனால் குண்டூர் மிளகாயைப் போட்டு நாக்கைப் பொசுக்கிக்கொள்வதைவிட மேல். ஆஞ்சோவுக்கு நம் பக்கம் நேரான மாற்று இல்லை. விட்டுவிடுங்கள், அல்லது மிளகாய் விழுதே சேர்க்காத வெள்ளை மெனுடோவுக்குப் போய்விடுங்கள்.

குடல் குழம்பு மாதிரி ஆகிவிட்டது

இஞ்சி-பூண்டு விழுது, பட்டை, கிராம்பு, கரம் மசாலா எல்லாம் கை தானாக எடுத்துப் போட்டிருக்கும். நல்ல குழம்புதான், சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். மெனுடோ அந்த வகையில் வராது. போட்டி, சோளம், மிளகாய் மூன்றின் ருசியும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி மசாலாவை ஒதுக்கிவைத்த உணவு இது. சந்தேகம் இருந்தால் ஒரு பொருளைக் குறையுங்கள், கூட்டாதீர்கள்.

ஒரேகானோ மட்டும் விடக் கூடாது. மெக்சிகோ ஒரேகானோ பீட்ஸா கடைப் பொட்டலத்தில் வருகிற இத்தாலிய வகை இல்லை, செடியின் குடும்பமே வேறு. அது கிடைக்காதபோது இத்தாலிய வகையைக் கொஞ்சமாகப் போடலாம். நிழலில் காயவைத்த கற்பூரவள்ளி இலையும் கிட்டத்தட்ட அந்தப் பக்கத்தில் வரும். ஒரேகானோவில் இருக்கும் கார்வக்ரால், தைமால் மணங்கள்தான் அதிலும் இருக்கின்றன. ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் இருமல் கஷாய ஞாபகம் வந்துவிடும்.

ஆட்டுப் போட்டியில் செய்யலாமா என்றால், செய்யலாம். ஒன்றரை மணி நேரத்திலேயே வெந்துவிடும், ஆட்டுக்கால் நான்கு போட்டால் சாறும் பிடிக்கும். மணம் வேறாக இருக்கும், அவ்வளவே.

வெள்ளை மெனுடோ வெள்ளையாக இல்லை

வடமேற்கு மெக்சிகோவின் சொனோரா, சினலோவா பக்கம் மிளகாய் விழுது சேர்க்காமல் வெள்ளையாகவே வைப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். கழுவியது சரியா, வெந்தது சரியா என்பது அதில் ஒளிக்க முடியாமல் தெரிந்துவிடும். பால் மாதிரி லேசாகக் கலங்கியிருப்பது சோளத்தின் மாவுச்சத்து, அது சரிதான். சாம்பல் நிறமாக இருந்தால் முதல் கொதி நீரைக் கொட்டவில்லை. மஞ்சளாக இருந்தால் சுத்தம் செய்யப் போட்ட மஞ்சள்தூள் மிஞ்சியிருக்கிறது. எண்ணெயும் நீரும் கலந்து கொழகொழவென்று கலங்கியிருந்தால் தீ அதிகம். கொத்துமல்லிக் கட்டைக் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் போட்டு எடுத்துவிடுங்கள், அதிக நேரம் கிடந்தால் சாறு பச்சை பாய்ந்துவிடும்.

மெக்சிகோ நகரத்திலும் நடு மெக்சிகோவிலும் இதே வகைச் சாற்றைப் பன்சிட்டா என்பார்கள். பெரும்பாலும் சோளம் இல்லாமல், எபசோட்டே என்னும் கீரை போட்டு வரும். அந்தச் செய்முறையைப் பார்த்துவிட்டுச் சோளம் எங்கே என்று தேட வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனால் சப்பென்று இருக்கிறது

உப்பைப் பாருங்கள். சோளமும் போட்டியும் நிறைய உப்பு இழுக்கும். உப்பும் சரி என்றால் குறை பானையில் இல்லை, மேசையில். பொடியாக நறுக்கிய, வேகவைக்காத வெள்ளை வெங்காயம், கொத்துமல்லி, உள்ளங்கையில் கசக்கிய ஒரேகானோ, நொறுக்கிய காய்ந்த மிளகாய், நிறைய எலுமிச்சை. இவை அலங்காரம் அல்ல. கொழுப்பும் பசையுமான சாற்றுக்கு அந்தப் புளிப்பும் வெங்காயக் கடியும் வேண்டும். எலுமிச்சையைப் பானையில் பிழியாதீர்கள், அவரவர் கிண்ணத்தில் பிழியட்டும். கூடவே சூடான டோர்ட்டியா, அதாவது சோள ரொட்டி. வடக்கே கோதுமை ரொட்டியும் உண்டு.

மறுநாள் கட்டியாகிவிட்டது

நல்லது. குளிர்பெட்டியில் அல்வாத் துண்டு மாதிரி நின்றால் காலில் இருந்த பசை முழுக்க இறங்கியிருக்கிறது. சூடாக்கினால் இளகிவிடும். சோளம் இரவெல்லாம் சாற்றை உறிஞ்சியிருக்கும், அதனால் ஒரு கோப்பை வெந்நீர் ஊற்றி, உப்பு மறுபடி பாருங்கள்.

பெரிய பானையை அப்படியே விடிய விடிய அடுப்பில் மூடி வைக்கக் கூடாது, நடுவில் இருக்கும் சாறு ஆற வெகுநேரம் ஆகும். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் வைக்க நினைத்தால் சோளத்தை எடுத்துவிட்டுச் சாறையும் போட்டியையும் மட்டும் உறையவையுங்கள். சாப்பிடுகிற அன்றைக்கு ஒரு டப்பாச் சோளத்தை அலசிப் போட்டுக்கொள்ளலாம்.